கடைசிப் பந்தயம் முடியுமுன் கதை முடிந்துவிட்டது: ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு என்ன பதில் சொல்ல?

முக்கூடல் டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். முக்கூடல் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். நூலகப் பாடவேளையில் ஜேசன் ரெனால்ட்ஸ் எழுதிய 'கோஸ்ட்' நாவலைப் பிள்ளைகளுக்குச் சொல்லி முடித்தேன். 2016-இல் வந்த அமெரிக்க நாவல். அந்த ஆண்டு நேஷனல் புக் அவார்டின் இளையோர் பிரிவில் இறுதிப் பட்டியல் வரை போன புத்தகம். ஆங்கிலப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் ஊர்ப் பேச்சிலேயே சொல்லிக்கொண்டு போனேன். நான் கேட்க வந்தது அதன் முடிவைப் பற்றி. முடிவு இப்போதே தெரிய வேண்டாம் என்கிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

காசில் கிரான்ஷா என்று ஒரு பையன். அவனும் ஏழாம் வகுப்புதான். 'கோஸ்ட்' என்பது அவன் தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயர். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி, அவன் அப்பா குடிபோதையில் துப்பாக்கியை எடுத்து மனைவியையும் பிள்ளையையும் பார்த்துச் சுடுகிறார். இரண்டு பேரும் தப்பித்து ஓடுகிறார்கள். தெருவில் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர் சாமான் போட்டு வைக்கும் அறையில் ஒளித்து வைத்துக் காப்பாற்றுகிறார். அப்பா சிறைக்குப் போகிறார். தனக்கு ஓட வரும் என்று அந்த ராத்திரிதான் பையனுக்குத் தெரிகிறது. பிறகு ஒரு நாள் பூங்காவில் சில பிள்ளைகள் ஓட்டப் பயிற்சி எடுப்பதைப் பார்க்கிறான். யாரும் கூப்பிடாமலே கோட்டில் போய் நின்று, அங்கே கெத்தாக நின்ற லூ என்ற பையனோடு ஓடிக் காட்டுகிறான். கோச் ஒரு டாக்ஸி டிரைவர். அவர் இவனை விடவில்லை.

கோஸ்டுக்கு எப்போதும் சூரியகாந்தி விதை கொறிக்கும் பழக்கம். அது அப்பாவிடமிருந்து வந்தது. "நம்ம வறுத்த புளியங்கொட்டை மாதிரியா டீச்சர்?" என்று ஒருத்தன் கேட்டான். அடுத்த வகுப்புக்குப் பாதிப் பேர் சட்டைப்பையில் புளியங்கொட்டை. கடைவாயில் வைத்து டக்கென்று உடைத்து, தோலை உள்ளங்கையில் துப்பிவிட்டு, பருப்பைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு கதை கேட்டார்கள். வகுப்பில் தின்னக்கூடாது என்று நான் சொல்லவில்லை. கோஸ்டின் அம்மா ஆஸ்பத்திரி கேண்டீனில் வேலை பார்க்கிறார் என்ற இடத்தில், "அவ்வொ எத்தன மணிக்கு வீட்டுக்கு வருவாவ?" என்ற கேள்விதான் முதலில் வந்தது. என் பிள்ளைகளில் நிறையப் பேருக்கு அம்மா பீடி சுத்துகிறவர். தட்டு மடியில் இருக்கிற வரைக்கும் அம்மாவிடம் பேசலாம், கடைக்குக் கொடுக்கப் போய்விட்டால் வீடு காலி. ஆகவே அந்தக் கேள்வி எதற்கு என்று எனக்குப் புரிந்தது.

இனி ஷூ விஷயம். கோஸ்டிடம் இருப்பது கணுக்காலுக்கு மேலே ஏறி நிற்கும் கனமான ஷூ. ஓடுவதற்கு இலேசாக இருக்கட்டும் என்று கத்தரியை எடுத்து அதன் மேல்பாகத்தை வெட்டி எறிகிறான். பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகள் அதைப் பார்த்துக் கேலி செய்கிறார்கள். என் வகுப்பில் ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை. பிறகு அவன் ஒரு கடையில் வெள்ளி நிற ஓட்ட ஷூவைத் திருடிக்கொண்டு வருகிறான். அங்கே வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிட்டது. "அவனுக்கு வேற வழி என்ன இருக்கு?" என்று ஒரு கட்சி. எதிர்க் கட்சிக்குத் தலைமை முன் பெஞ்சுப் பிள்ளை ஒருத்தி, அவள் வீட்டில் பெட்டிக்கடை இருக்கிறது. "ராத்திரி கணக்கு பாக்கையில ஒரு சோடி கொறையும்லா? அங்க வேலைக்கு நிக்கிற அக்கா சம்பளத்துலல்லா பிடிப்பாவ?" என்றாள். இத்தனை வருடத்தில் திருட்டைப் பற்றி நான் நடத்திய எந்த நீதிபோதனை வகுப்பிலும் அந்த விற்பனைக்கு நிற்கும் பெண்ணை யாரும் நினைத்ததில்லை, நானும் சேர்த்துத்தான். திருட்டு கோச்சுக்குத் தெரிய வருகிறது. அதற்கு அப்புறம் நடப்பதைப் புத்தகத்திலேயே படித்துக்கொள்ளுங்கள்.

முடிவுக்கு வருகிறேன். முதல் பெரிய போட்டி. கோஸ்ட் கோட்டில் நிற்கிறான். துப்பாக்கி வெடிக்கிறது. புத்தகம் அவ்வளவுதான். ஓட்டம் கிடையாது, முடிவுக் கோட்டில் நாடா கிடையாது, எத்தனையாவது வந்தான் என்பது கிடையாது.

பிள்ளைகளுக்குக் கோபமான கோபம். ஒருத்தன் புத்தகத்தை வாங்கி, கடைசித் தாளுக்கும் அட்டைக்கும் நடுவில் விரலை விட்டு, தையல் பக்கம் தாள் கிழிந்த தடம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தான். "ஜெயிச்சான்னு சொல்லிருங்க டீச்சர், எங்களுக்காக" என்கிறார்கள். உடன் வேலை பார்க்கும் ஆசிரியர் ஒருவரும், சின்னப் பிள்ளைகளுக்கான கதை வெற்றியில்தான் முடிய வேண்டும், நீங்களே ஒரு பக்கம் சேர்த்துச் சொல்லிவிடுங்கள் என்கிறார். எனக்கு மனசு வரவில்லை. எழுத்தாளர் சரியான இடத்தில்தான் நிறுத்தியிருக்கிறார் என்று தோன்றுகிறது, ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அது ஏன் என்று எடுத்துச் சொல்ல வரவில்லை.

இன்னொன்று. அப்பா சுடும் பகுதியைச் சொன்ன நாளிலிருந்து ஒரு பையன் கதையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. முடிவைப் பற்றியும் கேட்கவில்லை. ஆனால் நூலகப் பாடவேளை வந்தால் முதல் ஆளாக வந்து உட்கார்ந்துவிடுகிறான். இந்தப் புத்தகத்தைப் படித்தவர்கள், பிள்ளைகளுக்குச் சொன்னவர்கள், விளையாட்டு தெரிந்தவர்கள் யாராவது யோசனை சொல்லுங்கள்.


வள்ளியூர் டிரில் மாஸ்டர் (ஓய்வு)

டீச்சர், நான் கதைப் புத்தகம் அதிகம் படிக்கிறவன் இல்லை. பேத்தி இந்தப் புத்தகத்தை வைத்திருந்தாள், அவளிடம் வாங்கிப் படித்தேன். விளையாட்டு பற்றித் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் குறுவட்டப் போட்டிகளில் துப்பாக்கி எல்லாம் கிடையாது. விசில்தான். கொஞ்சம் நல்லபடியாக நடத்தினால் கிளாப்பர், அதாவது கீல் வைத்து இணைத்த இரண்டு பலகை, ஓங்கி அடித்தால் பட்டென்று சத்தம் வரும். மாவட்டத்தைத் தாண்டினால்தான் பையன் துப்பாக்கிச் சத்தத்தில் ஓடுவான். முதல் தடவை அந்தச் சத்தத்தைக் கேட்கிற பிள்ளை என்ன செய்யும் தெரியுமா? கண்ணை மூடும். தோள் இரண்டும் காதுவரைக்கும் ஏறும். சில பிள்ளைகள் அப்படியே உட்கார்ந்துவிடும். பக்கத்து லேன்காரன் அதற்குள் அஞ்சாறு எட்டு போயிருப்பான். அதனால் மாநிலப் போட்டிக்குக் கூட்டிப் போகிற பிள்ளைகளுக்கு முதலில் நான் பழக்குவது காலை இல்லை, காதைத்தான். 'செட்' என்று சொன்ன பிறகு இடுப்பைத் தூக்கி, உடம்பு முழுக்கக் கைவிரலில் நிற்க, அசையாமல் இருக்க வேண்டும். உலகப் போட்டிகளில் 2010-இலிருந்து சத்தத்துக்கு முன்னால் கால் எடுத்தால் முதல் தடவையே வெளியே. வெடித்து 0.1 வினாடிக்குள் கிளம்பினாலும் அது தவறான தொடக்கம்தான், ஏனென்றால் சத்தம் காதில் விழுந்து காலுக்குப் போக அவ்வளவு நேரமாவது ஆகும் என்று கணக்கு.

இப்போது அந்தப் பையனைப் பாருங்கள். அவன் வாழ்க்கையில் முதன்முதலாகக் கேட்ட துப்பாக்கிச் சத்தம் பெற்ற அப்பன் கையிலிருந்து வந்தது. அன்றைக்கு அவன் உயிருக்குப் பயந்து ஓடினான். கடைசிப் பக்கத்தில் அதே மாதிரி ஒரு சத்தத்துக்காக அவனாகவே போய்க் கோட்டில் நின்று, காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிறான். நாற்பது பக்கம் போட்டு மிச்ச ஓட்டத்தை எழுதினாலும் அதைவிடப் பெரிய விஷயம் அதில் இருக்காது. ஸ்டார்ட்டராக நின்று பழகினவன் என்கிற முறையில் சொல்கிறேன், அந்தப் பையன் அந்தச் சத்தத்துக்கு உட்காராமல் எழுந்தான் என்றால் அவனுக்கு அன்றைய போட்டி முடிந்துவிட்டது.

இதை நீங்கள் பிள்ளைகளிடம் விளக்க வேண்டாம். "இந்தச் சத்தத்தை இதுக்கு முன்னால எங்க கேட்டான்?" என்று மட்டும் கேளுங்கள். அந்த முன் பெஞ்சுப் பிள்ளையே கண்டுபிடித்துவிடும்.

பேசாத பையனைப் பேச வைக்க முயற்சி செய்யாதீர்கள். முதல் ஆளாக வருகிறானே, அது போதும்.


அம்பை அம்மா

டீச்சர், சார், இருவருக்கும் வணக்கம். சார் சொன்னது அழகாக இருக்கிறது. ஆனாலும் எனக்கு இதில் ஒத்துப்போக முடியவில்லை.

என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. இதே புத்தகத்தை அவனுக்கு வாங்கிக் கொடுத்தேன். அந்தச் சுடும் பகுதியைப் படித்த ராத்திரி, தூங்கும்வரைக்கும் கூட உட்காரச் சொன்னான். எங்கள் வீட்டில் குடி கிடையாது, அடி கிடையாது. அப்படிப்பட்ட பிள்ளைக்கே இப்படி என்றால், தினமும் சாயங்காலம் அப்பா எந்த நிலையில் வருவாரோ என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு? டீச்சர், உங்களுக்கு எங்கள் பக்கத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

முடிவைப் பற்றியும் சொல்கிறேன். இந்தப் பிள்ளைகள் நிஜத்தில் எங்கே ஜெயிக்கிறார்கள்? பீஸ் கட்டுவதில் தோல்வி, டியூஷனில் தோல்வி, டவுன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு போட்டிக்குப் போனால் அங்கேயும் தோல்வி. கதையிலாவது நாடாவைத் தொடட்டுமே! பெரியவர்களுக்குத் திறந்த முடிவு பிடிக்கும். பிள்ளை கேட்பது ஒரே ஒரு சந்தோஷம். அதை ஏன் கையில் கொடுக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும்? உங்கள் சக ஆசிரியர் சொன்னதில் நியாயம் இருக்கிறது.

ஷூ திருடியதைப் பற்றி அந்தப் பெட்டிக்கடைப் பிள்ளை சொன்னதை என் மகனிடம் வாசித்துக் காட்டினேன். "அத நான் நெனக்கவே இல்லம்மா" என்றான்.


ராதாபுரத்துக்காரன்

அம்பை அக்கா, டவுன் பிள்ளைகளோடு போட்டிக்குப் போய்த் தோற்கிற பிள்ளை என்கிறீர்களே, அது நான்தான். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இப்போது பாளையில் கல்லூரியில் படிக்கிறேன். பள்ளிக்கூடத்தில் 400 மீட்டர் ஓடினேன். பயிற்சி ஊர் மைதானத்தில்தான். எங்கள் பக்கம் ஆடிக்காற்று எப்படி அடிக்கும் என்று வள்ளியூர் சாருக்குத் தெரியும். காலையில் போட்ட சுண்ணாம்புக் கோடு மத்தியானத்துக்குள் பறந்துவிடும். எதிர்க்காற்றுப் பக்கம் வளைவில் ஓடும்போது யாரோ நெஞ்சில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி இருக்கும். அதில் ஓடிப் பழகினதால் எனக்கு எதுவும் பெரிதில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வருவாய் மாவட்டப் போட்டிக்கு அண்ணா ஸ்டேடியம் போனோம். சீனியர் அண்ணன் ஒருவர் தன் ஸ்பைக்ஸைக் கொடுத்தார். எனக்கு இரண்டு சைஸ் பெரிது. நுனியில் செய்தித்தாளைச் சுருட்டி அடைத்தேன். முதல் வளைவு முடிவதற்குள் தாள் நனைந்து கூழாகி விரலுக்கடியில் உருண்டைகட்டிவிட்டது. அடியில் இருந்த ஆணியும் மண் தரைக்குரிய நீள ஆணி. சிந்தெடிக் தரைக்குக் குட்டை ஆணி போட வேண்டும், அதற்கென்று ஒரு குட்டிச் சாவி இருக்கிறது, கழற்றி மாட்டலாம் என்றெல்லாம் அன்றைக்குத்தான் பக்கத்து லேன் பையன் சொல்லித் தெரிந்தது. அவன் தன் சாவியைக் கொடுக்கக்கூட வந்தான், அதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள். ஹீட்ஸிலேயே, அதாவது முதல் சுற்றிலேயே, வெளியேறினேன்.

அதற்கு முன்னால் நான் படித்த, பார்த்த எல்லாக் கதையிலும் ஏழைப் பையன் கடைசியில் ஜெயிப்பான். எல்லோரும் அவனைத் தோளில் தூக்குவார்கள். அக்கா, அந்தக் கதைகள் எனக்குச் சந்தோஷம் கொடுத்தது உண்மை. ஆனால் ஹீட்ஸில் வெளியேறி, கேலரிக்கடியில் உட்கார்ந்து ஷூவிலிருந்து தாளை நோண்டி எடுத்தபோது, அந்தக் கதைகள் எதிலும் எனக்கு இடம் இல்லாமல் போய்விட்டது. எட்டுப் பேர் ஓடினால் ஒருத்தனுக்குத்தான் அந்தக் கதை. 'கோஸ்ட்' படித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. கோட்டில் நிற்கிறவரைக்கும் அவனும் நானும் ஒன்றுதான், அதற்குப் பிறகு என்ன ஆனாலும் அது என்னிடமிருந்து அவனைப் பிரிக்கவில்லை.

நிஜத்தில் ஜெயித்தவர்களும் இருக்கிறார்கள், அதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள் டீச்சர். மதுரை சக்கிமங்கலம் ரேவதி வீரமணி அக்கா சின்ன வயதிலேயே அப்பா அம்மாவை இழந்து பாட்டியிடம் வளர்ந்தவர். ஷூ வாங்க வழியில்லாமல் வெறுங்காலில் ஓடத் தொடங்கியவர். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ஸில் 4x400 கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். அந்தப் பந்தயத்தில் இந்திய அணி இறுதிக்குத் தகுதி பெறவில்லை. அதனால் அவர் கதை சின்னதாகிவிடுமா?


முக்கூடல் டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. நேற்று வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன்.

டிரில் மாஸ்டர் சார் சொன்ன கேள்வியை அப்படியே கேட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பெட்டிக்கடைப் பிள்ளை இல்லை சார், கடைசி பெஞ்சில் புளியங்கொட்டை கொண்டுவரும் பையன்தான் எழுந்தான். "அவங்க அப்பா சுட்டாருல்லா டீச்சர், அந்தச் சத்தம்!" என்றான். உடனே ஆளாளுக்குப் பேச்சு. "அன்னைக்கு பொறத்தாலப் பாத்துப் பாத்து ஓடுனான். இன்னைக்கு முன்னாலப் பாத்து ஓடுதான்" என்று ஒருத்தி சொன்னாள். நான் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். அதற்குப் பிறகும் நாலைந்து பேர், "அதெல்லாம் சரி டீச்சர், எத்தனாவதா வந்தான்?" என்றார்கள். அவர்களுக்கு நான் பதில் சொல்லவில்லை. அவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கட்டும் என்றுதான் நினைக்கிறேன்.

அம்பை அம்மா, நீங்கள் சொன்னதை இரண்டு நாள் மனதில் போட்டுப் பார்த்தேன். வீட்டில் பயந்து வாழும் பிள்ளைக்கு இந்தக் கதை வேண்டாம் என்கிறீர்கள். அந்தப் பிள்ளைக்குப் பயம் ஏற்கனவே இருக்கிறது, புத்தகம் கொண்டுவந்து கொடுக்கவில்லை. புத்தகம் கொடுத்தது ஒரு கடைக்காரரையும் ஒரு டாக்ஸி டிரைவரையும். அப்பா இல்லாத இடத்தில் கதவைத் திறந்துவிட ஊரில் வேறு ஆட்கள் உண்டு என்பது எங்கள் பாடப் புத்தகம் எதிலும் இவ்வளவு பட்டவர்த்தனமாக இல்லை. ஆனால் ஒன்றை ஏற்றுக்கொள்கிறேன்: இந்தப் பகுதியை மாலை கடைசிப் பாடவேளையில் சொல்லிவிட்டு மணியடித்ததும் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புகிற விதத்தில் செய்யக்கூடாது. காலையில் சொல்ல வேண்டும், நாள் முழுக்க நாம் பக்கத்தில் இருக்க வேண்டும். அடுத்த வருடப் பிள்ளைகளுக்கு அப்படித்தான்.

பேசாத பையனைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: நேற்றும் பேசவில்லை. வகுப்பு முடிந்ததும் புத்தகத்தை எடுத்துப் போகலாமா என்று கேட்டான். ஆங்கிலம் அவனுக்குத் தட்டுத் தடுமாறித்தான் வரும். எடுத்துப் போயிருக்கிறான்.

கோஸ்டோடு அதே ஓட்டக் குழுவில் இருக்கும் மற்றப் பிள்ளைகளின் கதையும் வரிசையாக வந்திருக்கிறது. 'பட்டினா' 2017-இல், 'சன்னி'யும் 'லூ'வும் 2018-இல். பெண்பிள்ளைகள் கேட்டதால் அடுத்து பட்டினாதான். அப்புறம், டிரில் மாஸ்டர் சார், ஒரு வேண்டுகோள். கிளாப்பர் எப்படி இருக்கும் என்று ஒரே நச்சரிப்பு. வெள்ளிக்கிழமை எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்து போக முடியுமா?


அம்பை அம்மா

டீச்சர், காலையில் சொல்ல வேண்டும் என்றீர்களே, அது எனக்குச் சரியாகப் படுகிறது. முடிவு விஷயத்தில் என் எண்ணம் மாறவில்லை. என் மகன் நோட்டில் மிச்ச ஓட்டத்தை எழுதி வைத்திருக்கிறான், அதில் கோஸ்ட் இரண்டாவதாக வருகிறான். ஏன் முதலாவதாக வரவில்லை என்று கேட்டால், "மொதல்ல லூ வந்துட்டான், அவன் ரொம்ப நாளா ஓடுதான்லா" என்கிறான்.


வள்ளியூர் டிரில் மாஸ்டர் (ஓய்வு)

டீச்சர், இந்த வெள்ளி முடியாது, குறுவட்டப் போட்டிக்கு நடுவராகக் கூப்பிட்டிருக்கிறார்கள். அடுத்த வெள்ளி வருகிறேன். கிளாப்பரும் கொண்டுவருகிறேன், சுண்ணாம்பு மட்டும் அரை மூட்டை வாங்கி வையுங்கள், ஆறு லேன் போடலாம். வெயில் தாழ்ந்து நாலு மணிக்கு மேல் வைத்துக்கொள்வோம். மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டிருக்க வேண்டும், ஓடுவதற்கு முன்னால் புளியங்கொட்டை வேண்டாம், தொண்டையில் அடைக்கும். ராதாபுரத்துத் தம்பி பாளையிலிருந்து பஸ் ஏறி வந்தால் ஸ்டார்ட் எப்படி எடுப்பது என்று பிள்ளைகளுக்குச் செய்து காட்டலாம். பழைய ஸ்பைக்ஸ் இருந்தால் அந்தச் சாவியோடு கொண்டு வா தம்பி.